ஏழாம் மேசை

ஆளே வேண்டாம் என்றுதான் அந்தத் தோணிகளைக் கட்டினார்கள். கட்டி முடித்து, கடலில் இறக்கி, பத்திரிகையில் படமெல்லாம் போட்ட பிறகு, அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சட்டம் வந்தது. அப்படித்தான் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வடக்கே, முகப்பு முழுக்கக் கண்ணாடி ஒட்டிய ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அந்த அறை உண்டாயிற்று. ஆறு மேசை, ஆறு நாற்காலி. மேசைக்கு எட்டுத் தோணி. வெங்காயமும் சிமெண்டும் கருங்கல் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு தாமாகவே மாலத்தீவுக்குப் போய்த் தாமாகவே திரும்பி வரும் தோணிகள். உள்ளே மாலுமி கிடையாது, சமையல் கிடையாது, சண்டையும் கிடையாது. ஊர் அவற்றுக்கு ஊமைத் தோணி என்று பேர் வைத்தது. மேசையில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு நிறுவனம் ஒரு முழ நீளத்துக்குப் பதவிப் பெயர் கொடுத்திருந்தது. ஊர் அதைக் கண்டுகொள்ளவில்லை. தோணியை நடத்துகிறவர் தண்டல் என்றால், நாற்காலியில் உட்கார்ந்து நடத்தினாலும் தண்டல்தான்.

அந்த அறையில் இருந்த ஒரே பெண் தண்டல் பவுலின். வயது முப்பத்தாறு. அதற்கு முன் எட்டு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவள். நூறடி உயரத்தில் தனியாக உட்கார்ந்து பழகியதாலோ என்னவோ, அதிகம் பேசமாட்டாள். பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான்.

வேலை என்னமோ சும்மா உட்கார்ந்து பார்ப்பதுதான். தோணி தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும். தண்டல் குறுக்கே புகுந்து திருப்பலாம், நிறுத்தலாம். ஆனால் புகுந்தால் உடனே திரை காரணம் கேட்கும். காரணம் சரியில்லை என்று பட்டால் தண்டலின் நம்பிக்கை எண்ணில் இரண்டோ மூன்றோ குறைத்துவிடும். நூறில் ஆரம்பிக்கும் அந்த எண் அறுபதுக்குக் கீழே போனால் நாற்காலி போய்விடும். மனுஷன் இயந்திரத்தைக் கண்காணிக்கத்தான் அந்த அறை என்று சட்டம் சொல்லிற்று. உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும், யாரை யார் கண்காணிக்கிறார்கள் என்று.

பவுலினுக்கு இந்த எண்ணோடு ஒரு தனித் தகராறு இருந்தது. அதன் பெயர் கஸ்பார்.

கஸ்பார் அவளுடைய தம்பி, சங்கு குளிக்கிறவன். வல்லத்தை நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டு, கம்ப்ரசர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பாகம், அதாவது அறுபது எழுபது அடி ஆழத்தில் இறங்குவான். இறங்கிய இடத்திலேயே இருக்கமாட்டான். சங்கு கிடக்கும் திசையில் குழாய் எட்டும் மட்டும் போய்க்கொண்டே இருப்பான். ஊமைத் தோணிக்கு வல்லம் தெரியும். மரியாதையாக ஐம்பது மீட்டர் ஒதுங்கிப் போகும். அதன் கணக்கில் அது போதும். தண்ணீருக்குள் ஒரு மனுஷன் இருக்கிறான், அவன் வாயிலிருந்து ஒரு குழாய் நீள்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

குளிக்கிற இடத்தை முன்கூட்டியே பதிவு செய்தால் தோணி ஒரு மைல் விலகிப் போகும் என்று நிறுவனம் அறிவித்திருந்தது. பதிவு செய்த இடம் வரைபடத்தில் எல்லோருக்கும் தெரியும் என்பதையும் சேர்த்தே அறிவித்திருந்தது. சங்கு கிடக்கும் கடலடித் திட்டான பாரைக் கண்டுபிடிக்க ஒருவனுக்கு ஒரு பருவம் பிடிக்கும். அதை வரைபடத்தில் போட்டு ஊருக்கே காட்டிக்கொடுக்க எந்தக் குளிகாரனும் பைத்தியம் இல்லை. பதிவேடு முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியே காலியாக இருந்தது.

அதனால் கஸ்பார் தினமும் விடிந்ததும் அக்காவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்புவான். "அக்கா, இன்னைக்கு கோயில் கோபுரமும் அனல்மின் ரெண்டாம் புகைபோக்கியும் ஒண்ணாச் சேருத நேருல, பதினோரு பாகத்துல கெடப்பேன். பத்துலருந்து ரெண்டு வரைக்கும். பாத்துக்கிடு." அவ்வளவுதான். எந்த வரைபடத்திலும் இல்லாத இந்தக் கணக்கு பவுலினுக்குப் புரியும். அந்தப் பக்கம் வரும் தோணியை அரை மைல் திருப்பிவிட்டு, தாண்டியதும் பழைய வழிக்குக் கொண்டுவருவாள். காரணம் கேட்டால் என்ன சொல்வது? தம்பி குளிக்கிறான் என்றால் பதிவு எங்கே என்று கேட்பார்கள். 'அலை' என்று போடுவாள், 'மிதக்கும் கட்டை' என்று போடுவாள். இயந்திரம் அன்றைய அலையையும் கட்டையையும் சரிபார்த்து எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்தது. எழுபதில் வந்து நின்றபோது, இன்னும் எத்தனை திருப்பம் மிச்சம் என்று அவள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

அப்போதுதான் ரெமிஜியுஸ் அண்ணன் அவளை ஏழாம் மேசைக்குக் கூட்டிப்போனார்.

ரெமிஜியுஸ் அந்த அறையில் மூத்தவர், வாசல் பக்க மேசைக்காரர். பெண்பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று மற்றவர்கள் முணுமுணுத்தபோது, "ஒங்க நாலு பேரு வேலையையும் அவ ஒருத்தி பாப்பா, போங்கல" என்று சத்தம் போட்டவர். பவுலினின் சின்ன மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பன். வீட்டு விசேஷங்களில் அவருக்கு முதல் இலை.

வாசல் ஓரத் தடுப்புக்குப் பின்னால், புதிதாக வருகிறவர்கள் பழகுவதற்காக ஏழாவதாக ஒரு பயிற்சி மேசை போட்டிருந்தார்கள். பொய்க் கடல், பொய்த் தோணி. ஆனால் கம்பி இழுத்தவன் எங்கேயோ கவனக்குறைவாக விட்டதில், அந்த மேசையில் கொடுக்கும் கட்டளை நிஜத் தோணிக்கே போய்ச் சேர்ந்தது. காரணம் கேட்காது. எண் குறையாது. யார் பேரிலும் பதிவாகாது.

"இது தப்பில்லையாண்ணே?" என்று பவுலின் கேட்டாள்.

"நான் மேல சொல்லிட்டேம்மா. சின்னத் திருப்பம்னா இதுலயே போட்டுக்கோங்கன்னுட்டாவ. எழுத்துல தரமாட்டாவ, கேட்டியா? நீயும் வெளிய சொல்லிக்கிடாத."

அவள் நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? மகளை ஏந்திய கையல்லவா அது. வாரத்துக்கு ஓரிரு தடவை, கஸ்பாரின் நேர்கோட்டில் தோணி வரும் நாளில், அவள் எழுந்து ஏழாம் மேசைக்குப் போவாள். ஒரே ஒரு கட்டளை. ஒரு நிமிஷ வேலை. நான்கு மாதம் இப்படியே நிம்மதியாகப் போயிற்று.

ஐந்தாம் மாதம் விசாலினி வந்தாள். கோயம்புத்தூர்ப் பெண், இருபத்தெட்டு வயது இருக்கும். நிறுவனத்தின் இணையப் பாதுகாப்புப் பிரிவு. எல்லோரையும் உட்காரவைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"நம்ம தோணிங்களுக்கு வெளியில இருந்து யாரோ கட்டளை குடுக்கறாங்க. ஒன்றரை மாசத்துல நாலு தடவை. எதுக்குன்னு தெரியலைங்க. கொஞ்ச தூரம் திருப்பிட்டு விட்டுடறாங்க. பெரிசா ஏதோ செய்யறதுக்கு முன்னாடி ஒத்திகை பாக்கறாங்கன்னு நினைக்கிறோம்."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க மேடம்?" என்றார் ஒருவர்.

"எந்த நாள்னு தெரிஞ்சு தேடினப்பவே எங்க மென்பொருள் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆச்சு. ரெமிஜியுஸ் சார் நாலு தடவையும் அதே நிமிஷத்துல கண்டுபிடிச்சு, மேலாளர் அறைல மட்டும் கேக்கற எச்சரிக்கை மணிய அடிச்சிட்டார். மனுஷக் கண்ணுக்கு ஈடு இல்லைங்கறதுக்கு அவர்தான் சாட்சி."

எல்லோரும் ரெமிஜியுஸைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். என்றைக்கு, எந்தத் தோணி, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் ரகசியம். மேலாளருக்கும் விசாலினிக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

அன்றிலிருந்து அந்த அறையின் காற்றே கெட்டுப்போனது. திரையில் தோணி இருக்கிற இடம் நிஜமா? கேமரா காட்டும் கடல் நிஜமா, யாரோ பதிவு செய்து ஓட்டுகிற பழைய கடலா? ஒருவர் நல்ல தோணியைச் சந்தேகப்பட்டு நடுவழியில் நிறுத்த, பின்னால் வந்த மூன்று தோணிகள் குழம்பிப்போய்ச் சுற்றிச் சுற்றி வந்தன. அவருக்கு எண்ணில் ஒன்பது போயிற்று. இன்னொருவர் நிஜமாகவே இயந்திரம் பழுதான தோணியை, இது தாக்குதல்காரன் காட்டும் பொய் என்று ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்தார். அவருக்குப் பதினொன்று போயிற்று. நம்பினாலும் அடி, நம்பாவிட்டாலும் அடி. பக்கத்து நாற்காலிக்காரனின் கை எங்கே போகிறது என்று ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தார்கள். பவுலினும் பார்த்தாள். வீட்டில் படுத்தாலும் அவளுக்கு அதே யோசனைதான். முகம் தெரியாத எவனோ ஒருவன், தம்பி குளிக்கிற இடத்தில் ஒரு நாள் தோணியைத் திருப்பிவிட்டால்?

அந்த எவனோ ஒருவனை அவள் மனதார வெறுத்தாள்.

ஒரு நாள் மாடிப்படியில் ரெமிஜியுஸை நிறுத்திக் கேட்டாள். "அண்ணே, ஏழாம் மேசைல நான் திருப்புறது அந்த மேடத்துக்குத் தெரியுமா? அதையும் தாக்குதல்னு எண்ணிக்கிடப் போறாவ. நான் போய் ஒரு வார்த்த சொல்லிரட்டா?"

அவர் சிரித்தார். "அதெல்லாம் நான் அன்னைக்கே சொல்லியாச்சு. அது வேற, இது வேற. நீ இப்பப் போய் நின்னா அவ ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கிடுவா. சின்னப் புள்ள. ஒன் தம்பி எடத்தையும் கேப்பா, சொல்லுவியா?"

சொல்லமாட்டாள்தான். அத்தோடு அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேலாளரின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவரும் விசாலினியும் ரெமிஜியுஸும் பேசினார்கள். பத்து மணிக்கு வெளியே வந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. பவுலினின் எண் அப்போது அறுபத்தொன்று. போன வாரக் குழப்பத்தில் அவளுக்கும் நிறையப் போயிருந்தது.

பதினொன்று அடித்துப் பத்துப் பதினைந்து நிமிஷம் இருக்கும். ஜல்லி ஏற்றிய இருபத்து மூன்றாம் எண் தோணி, கச்சான் என்ற மேல்காற்றுக்காகத் தன் வழியைத் தானே கொஞ்சம் மாற்றிக்கொண்டு, நேராகக் கஸ்பாரின் பாரை நோக்கி வந்தது. தாண்ட இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. நிறைய நேரம்தான். பவுலின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். வாசல் பக்கமாக நடக்கும்போது ரெமிஜியுஸ் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் லேசாகத் தலையசைத்தாள். அவர் திரும்பவும் தன் திரையைப் பார்த்துக்கொண்டார்.

ஏழாம் மேசையில் உட்கார்ந்து கட்டளை கொடுத்தாள். வலப்பக்கம், அரை மைல்.

தோணி திரும்பவில்லை.

அழுத்தியது சரியில்லையோ என்று மறுபடி கொடுத்தாள். மூன்றாவது தடவை முக்கால் மைல் கொடுத்தாள். நான்காவது தடவை ஒரு மைல் கொடுத்தாள். பொய்க் கடலின் திரையில் தோணி தன்பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது.

தன் மேசைக்கு ஓடிவந்து, காரணத்தைப் பற்றியெல்லாம் யோசிக்காமல், சிவப்பு நிறுத்தத்தை அழுத்தினாள். திரையில் எழுத்து வந்தது. 'போலிக் கட்டளைகள் நான்கு பெறப்பட்டன. கட்டுப்பாட்டு அறையே எதிரியின் கையில் இருக்கலாம். இருபது நிமிடங்களுக்கு எந்தக் கட்டளையும் ஏற்கப்படாது.'

"அண்ணே! இருபத்து மூணு கேக்கமாட்டேங்குது! தம்பி அங்கன கெடக்கான்!"

ரெமிஜியுஸ் எழுந்திருக்கவில்லை. "மணி அடிச்சாச்சும்மா, மேடம் பாத்துக்கிடுவாவ" என்றார், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அந்த நேரம் பார்த்து மேலாளர் முகமெல்லாம் சிரிப்பாகக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "தடுத்துட்டோம்! இந்தத் தடவை தோணி ஒரு இம்மி அசையல. புதுப் பாதுகாப்பு வேலை செய்யுது!" யாரோ கை தட்டினார்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து தட்டினார்கள். பின்னால் வந்த விசாலினியும் சிரித்துக்கொண்டுதான் வந்தாள். பவுலின் பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

"மேடம், அத நிறுத்துங்க. கீழ ஆளு இருக்கு. நிறுத்துங்க மேடம்."

"இருபது நிமிஷத்துக்கு யாராலயும் முடியாதுங்க. நானே சொன்னாலும் கேக்காது. அப்படித்தான் பண்ணியிருக்கு…" சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் மாறியது. "கீழ ஆளா? பதிவு இல்லையேங்க?"

"ஹாரனாவது அடிங்க!"

"அதுவும் கட்டளைதான்."

வல்லத்தில் கம்பியில்லாக் கருவி இருந்தது. மற்றவர்கள் ஒட்டுக்கேட்டு இடத்தைத் தெரிந்துகொள்வார்கள் என்று அதை அணைத்து வைப்பதுதான் குளிகாரர் வழக்கம். கைப்பேசி அங்கே எட்டாது. தோணியின் கேமரா மட்டும் வேலை செய்தது. கேட்பதை நிறுத்தின தோணி காட்டுவதை நிறுத்தவில்லை. உச்சி வெயிலில் கடல் பளபளத்தது. அதில் வல்லம் முதலில் புள்ளியாகத் தெரிந்தது, அப்புறம் வல்லமாகத் தெரிந்தது, அப்புறம் அதில் நிற்கும் இரண்டு பேர் தெரிந்தார்கள். ஒருவன் சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டிருந்தான். தோணி அவர்களைப் பார்த்தது. மரியாதையாக ஐம்பது மீட்டர் ஒதுங்கியது. குழாய் கிடந்த பக்கமாக ஒதுங்கியது.

பவுலின் அத்தனையையும் பார்த்தாள். அந்த அறையில் அப்போது யாரும் கை தட்டவில்லை.

கஸ்பார் சாகவில்லை. வாயில் வந்துகொண்டிருந்த காற்று திடீரென்று நின்றதும், பதினோரு பாகம் ஆழத்திலிருந்து ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டான். அப்படி வரக்கூடாது. நின்று நின்று வரவேண்டும் என்று ஒவ்வொரு குளிகாரனுக்கும் தெரியும். மூச்சுக்குக் காற்றில்லாதவனிடம் நின்று வா என்று யார் சொல்வது? வல்லத்தில் ஏற்றிப் படுக்கவைத்தபோதே அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஆஸ்பத்திரியில் காற்றழுத்த அறையில் வைத்து மூன்று நாள் பார்த்தார்கள். இனி நடக்கமாட்டான் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார்.

நான்காம் நாள் காலை ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு விசாலினி வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஏழாம் மேசைல இருந்து கட்டளை குடுத்தது நீங்கதானா?"

"ஆமா. நாலஞ்சு மாசமா நாந்தான். மேலருந்து அனுமதின்னு ரெமி அண்ணன் சொன்னாரு. ஒங்ககிட்டயும் சொல்லியாச்சுன்னாரு."

விசாலினி கண்ணை மூடித் திறந்தாள். "என்கிட்ட யாரும் சொல்லலைங்க. மேலயும் யாருக்கும் தெரியாது. அந்த மேசைக்கு லைன் இருக்குன்னே யாருக்கும் தெரியாது. அக்கா, வெளியில இருந்து தாக்குதலே கிடையாது. நாங்க இத்தனை நாள் தேடினது உங்களைத்தான்."

பவுலினுக்கு அது உடனே உறைக்கவில்லை. அவள் வெறுத்த அந்த எவனோ ஒருவன், ராத்திரியெல்லாம் தூக்கத்தைக் கெடுத்தவன், அவளேதான்.

"இன்னொண்ணும் இருக்குங்க," என்றாள் விசாலினி. "புதன்கிழமை நீங்க முதல் கட்டளை குடுத்தது பதினொண்ணு பதினாறுக்கு. ரெமிஜியுஸ் சார் மணி அடிச்சது பதினொண்ணு பதினாலுக்கு. நேத்துதான் கவனிச்சேன். பழைய நாலையும் எடுத்துப் பாத்தேன். எல்லாத்துலயும் அப்படித்தான். கட்டளை வர்றதுக்கு முன்னாடியே மணி."

"அதெப்படி?"

"நீங்க நாற்காலிய விட்டு எழுந்திரிக்கறதப் பாத்து அடிச்சிருக்கார்."

வராந்தாவில் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இருவரும் சுவரோரம் ஒதுங்கி வழி விட்டார்கள்.

"நான் அந்தத் தோணிக்கு எல்லாரையும் சந்தேகப்படச் சொல்லிக் குடுத்தேன்," என்றாள் விசாலினி. "அவரை மட்டும் சந்தேகப்படத் தோணலை. மூணு போலிக் கட்டளை வந்தா அறைக்கே காதை மூடிக்கணும்னு காலைல அவர் முன்னாடிதான் சொன்னேன். நீங்க ஏழாம் மேசையத் தொடாம, உங்க மேசைல இருந்து நிறுத்தியிருந்தா அது நின்னிருக்கும். அறிக்கை எழுதிட்டேன். மேலாளர் வாங்கி வச்சிக்கிட்டார். தாக்குதலைத் தடுத்தோம்னு வெளிய சொல்லியாச்சாம், இனி மாத்த முடியாதாம். ரெமிஜியுஸ் சார்தான் இனிமே அந்த அறைக்குப் பொறுப்பு."

அவள் போன ஒரு மணி நேரத்தில் அந்தப் பொறுப்பானவரே வந்தார். கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம். எதுவும் நடக்காதது போல, "தம்பிக்கு எப்படிம்மா இருக்கு?" என்றார். பவுலின் பையை வாங்கவில்லை.

"எந்திரிச்சவுடனே மணி அடிச்சிட்டியளாண்ணே?"

அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என் நம்பர் அறுபத்து மூணுக்கு வந்திருச்சும்மா. கண்ணு முன்ன மாதிரி இல்ல. எதத் தொட்டாலும் கொறையுது. மொத தடவ சும்மாதான் அடிச்சேன். அஞ்சு கூட்டிக் குடுத்துட்டானுவ. ஒனக்கு அதுல ஒரு கெடுதலும் இல்லியே. ஒன் தோணி திரும்பிருது, தம்பி பத்திரமா இருக்கான், எனக்கும் நம்பர் ஏறுது. யாருக்கு என்ன நட்டம்?"

"காது மூடிக்கிடும்னு காலைலயே ஒங்களுக்குத் தெரியும்."

"மூணு தடவ சொன்னாத்தான் மூடும்னா அந்தப் புள்ள. நீ என்னைக்கும் ஒரு தடவதான போடுவ? மொத தடவயே கேக்காமப் போவும்னு நான் கண்டனா?"

"நான் எந்திரிச்சு ஒங்களத் தாண்டித்தான் போனேன். அங்க போவாத, ஒன் மேசைலயே நிறுத்துளான்னு ஒரு சொல்லு சொல்லிருக்கலாமே. அத்தன நேரம் கெடந்துச்சே."

ரெமிஜியுஸ் தரையைப் பார்த்தார். "சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். சொன்னா, ஒனக்கெப்படித் தெரியும்னு கேப்பாவ. என் நம்பரு…" என்று இழுத்தார்.

பவுலின் அழவில்லை, கத்தவும் இல்லை. கத்தினால் ஆத்திரம் தீர்ந்துவிடும், தீரக்கூடாது என்று நினைத்தாள். "எம் மவ ஞாயித்துக்கிழம ஒங்களக் கேப்பா," என்றாள். "ஞானத்தகப்பன் செத்துட்டாருன்னு சொல்லிக்கிடுதேன். எந்திரிச்சுப் போங்க." அவர் பழத்தை விட்டுவிட்டுப் போனார். அவள் அதைத் தொடவில்லை. கூட்ட வந்த அம்மாள் எடுத்துப்போனாள்.

மத்தியானம் அவள் வார்டுக்குள் போனபோது கஸ்பார் விழித்திருந்தான். நான்கு நாளாக அவன் அவளோடு பேசவில்லை. வல்லத்துக்காரர்கள் வெளிப்படையாகவே சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்: எங்கள் பார் தெரிந்தது உன் அக்கா ஒருத்திக்குத்தான், தோணி அங்கேயே நேராக வந்திருக்கிறது. பவுலின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஏழாம் மேசை, மணி, இரண்டு நிமிஷம், மூடிக்கொண்ட காது. ரெமிஜியுஸின் பேரைச் சொல்லும்போது மட்டும், இவ்வளவு கூட இருந்து குழி பறிப்பான் என்று யார் நினைத்தது என்று வாய்விட்டே புலம்பினாள்.

கஸ்பார் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். போர்வைக்குக் கீழே அவன் கால்கள் இரண்டும் யாரோ வைத்த இடத்தில் இருந்தன.

"அப்போ, ஒன் மேசைல இருந்து நிறுத்திருந்தா நின்னிருக்கும்?" என்றான்.

"நின்னிருக்கும்னுதான் அந்த மேடம் சொல்லுதா."

"ஒன் மேசைலதான ஒக்காந்திருந்த?"

"ஆமால."

"பின்ன ஏங்க்கா எந்திரிச்ச?"

பவுலினிடம் பதில் இருந்தது. அந்த நாற்காலியில் நான் இல்லாவிட்டால் உங்களை யார் பார்ப்பார்கள் என்று ஆரம்பிக்கலாம். மேலிடத்து அனுமதி என்று நினைத்தேன் என்று சொல்லலாம். இரண்டும் பொய்யில்லை. ஆனால் அறுபத்தொன்று என்ற அந்த எண்ணைத்தான் அன்று எழுந்திருப்பதற்கு முன் அவள் ஒரு தரம் பார்த்திருந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் வேறெதையும் சொல்ல முடியவில்லை.

"நம்பர் கொறஞ்சிரும்னு," என்றாள்.

கஸ்பார் மெதுவாகத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை.

"ரெமி அண்ணன் என்ன சொன்னாரு?"

அவள் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளப் பார்த்தான். இடுப்பு வரைதான் திரும்ப முடிந்தது. மீதியைத் திருப்பிவிட பவுலின் எழுந்து கையை நீட்டினாள்.

"நர்சக் கூப்பிடு," என்றான்.